அசல் எங்கடா தம்பி?

செமஸ்டர் எப்படிப் போச்சு? 'அதை மட்டும் கேட்காதீங்க ப்ளீஸ்'னு நீங்க முனகுறது இங்க வரைக்கும் கேக்குது. ஓகே, கேட்கலை. வேற கேள்வி. உங்க செல்போன் கேலரியைத் திறங்க. அதுல நீங்க எடுத்த போட்டோ எத்தனை? ஏ.ஐ. கிட்ட சொல்லி 'போட வெச்ச' படம் எத்தனை?

தெரியலையா? எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. ஒருநாள் ராத்திரி எண்ணிப் பார்க்க வேண்டிய நிலைமை வந்துச்சு. எண்ணினேன். 3,412 படம்! அதுல பாதிக்கு மேல 'இமேஜ் 47', 'இமேஜ் 47 காப்பி', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'இதுதான்டா ஃபைனல்' ரகப் பேர்கள். சிரிக்காதீங்க. உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டர் லட்சணம் எனக்குத் தெரியாதா என்ன?

தப்பு நம்ம பேர்ல மட்டும் இல்ல. 2025 மார்ச் கடைசியில சாட்ஜிபிடி-யில ஜிப்லி ஜுரம் அடிச்சுது, ஞாபகம் இருக்கா? முதல் வாரத்திலேயே 13 கோடிப் பேர் 70 கோடிக்கும் அதிகமான படங்களைப் போட்டுத் தள்ளினதா ஓபன்ஏஐ நிறுவனமே சொல்லுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில ஜெமினியின் 'நானோ பனானா' வந்து, செப்டம்பர்ல ஹாஸ்டல் பொண்ணுங்க அத்தனை பேரையும் பழைய சினிமா ஹீரோயின் மாதிரி புடவை கட்டி நிக்க வெச்சுது. படம் போடுறது அவ்வளவு ஈஸி ஆயிடுச்சு. போட்டதைப் பத்திரமா வெச்சுக்கிறதைத்தான் யாரும் சொல்லித் தரலை.

சரி, மேட்டருக்கு வர்றேன். நான் ஏன் ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன்?

தாத்தா சிரிக்கிறார்

எங்க ஊர் ஒரத்தநாடு பக்கம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம். தாத்தா உயிரோட இருந்தப்போ எடுத்த போட்டோ ஒண்ணே ஒண்ணுதான். கறுப்பு வெள்ளை, ஸ்டூடியோவில் விறைப்பா உட்கார்ந்து எடுத்தது. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ ஓடு பறந்து, சுவத்துல மாட்டியிருந்த ஃபிரேமுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. முகம் மட்டும் தப்பிச்சுது. நல்லவேளையா, அடுத்த வாரமே அதை ஸ்கேன் பண்ணி வெச்சேன். பேப்பர் போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு, பிய்க்கப் போய் மொத்தமா உரிஞ்சு போச்சு. ஆக, தாத்தா முகம் இந்த உலகத்துல மிச்சம் இருக்கிறது அந்த ஒரு ஸ்கேன்ல மட்டும்தான்.

ஏ.ஐ. வந்ததும் சும்மா இருப்பேனா? தாத்தாவுக்குக் கலர் அடிச்சேன். கறையை எடுத்தேன். 20 வயசாக்கினேன். வயல் வரப்புல நிக்க வெச்சேன். கடைசியில, வாழ்க்கையில கேமரா முன்னாடி சிரிக்காத மனுஷனைச் சிரிக்கவும் வெச்சேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரே ஹார்ட்டின் மழை. அத்தை அழுதுட்டாங்க. சித்தப்பா அதுல ஒண்ணை எடுத்து, யார்கிட்டயும் சொல்லாம பெருசா பிரிண்ட் போட்டு, லேமினேட் பண்ணி, திவசத்துக்குக் கொண்டு வந்துட்டார்.

மாலை போட்டாச்சு. விளக்கு ஏத்தியாச்சு. அப்பாயி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, கிட்டப் போய்ப் பார்த்துச்சு. ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"யாருடா தம்பி இது?"

"தாத்தாதான் அப்பாயி. கம்ப்யூட்டர்ல சரி பண்ணினது."

"அவுகளுக்கு இடது புருவத்துல தழும்பு இருக்குமேடா. கபடியில வாங்கினது. பொண்ணு பார்க்க வந்தப்போ நான் முதல்ல பார்த்ததே அதைத்தான். இவரு வேற யாரோ..."

வீடே கப்சிப். அப்பாயி அடுத்துக் கேட்டதுதான் எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு.

"அசல் எங்கடா தம்பி?"

அதான் ஃப்ரெண்ட்ஸ், 3,412 படம் எண்ணின கதை. அசல் அந்தக் குவியலுக்குள்ள எங்கேயோ இருந்துச்சு. எங்கேன்னு எனக்குத் தெரியலை.

தழும்பு எங்க போச்சு?

'ஏ.ஐ. பழைய போட்டோவை க்ளீன் பண்ணுது'ன்னு நாம நினைக்கிறோம். தப்பு. அது துடைக்கிறது இல்ல, புதுசா வரையுது. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகின மெஷின், 'இந்த இடத்துல ஒரு புருவம் இருந்தா எப்படி இருக்கும்'னு ஊகிச்சு நிரப்புது. பெரும்பாலான புருவத்துல தழும்பு இருக்காது. அதனால தாத்தாவோட தழும்பும் அதுக்கு ஒரு கறைதான். ஊர்ல எல்லாருக்கும் பொதுவான முகம் ஒண்ணு கிடைச்சுடும். நம்ம வீட்டு முகம் காணாமப் போயிடும்.

ஒரு படத்து மேல இன்னொரு படம் ஏறுறது தஞ்சாவூருக்குப் புதுசு இல்ல. பெரிய கோயில் கருவறையைச் சுத்தி இருக்கிற உள்சுற்றுல, சோழர் காலத்து ஓவியங்கள் மேலேயே பின்னாடி நாயக்கர் காலத்துல சுண்ணாம்பு பூசி வேற ஓவியம் வரைஞ்சுட்டாங்க. கீழே சோழர் படம் இருக்குன்னு 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கிற வரைக்கும் வெளியுலகத்துக்குத் தெரியாது. பிறகு தொல்லியல் துறை என்ன செஞ்சாங்க தெரியுமா? நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டித் தூக்கிப் போடலை. பூச்சோட அலுங்காமப் பெயர்த்து, தனிப் பலகையில ஒட்டிக் காப்பாத்தினாங்க. கீழே இருந்த சோழர் ஓவியமும் வெளிச்சத்துக்கு வந்துச்சு. ரெண்டும் ஓவியம், ரெண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல!

நம்ம ஃபோல்டருக்கும் இதான் முதல் பாடம். அசல் தனி, மேல பூசினது தனி.

ராஜாவின் கேஸ் ஷீட்

சரியான ஃபிரேம் வாங்கணும்னு மறுநாள் தஞ்சாவூர் போனேன். கடை திறக்க நேரமாச்சு. பக்கத்துல அரண்மனை. சும்மா நிக்கிறதுக்குன்னு சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகத்துக்குள்ள நுழைஞ்சேன். ஸ்கூல் டூர்ல நாம எல்லாரும் போய், ஒண்ணும் பார்க்காம திரும்பி வந்த அதே இடம்தான்.

நாயக்கர் காலத்துல தொடங்கி மராட்டியர் காலத்துல வளர்ந்த நூலகம். சுமார் 49 ஆயிரம் சுவடிகள். 1798-லிருந்து 1832 வரை அரசரா இருந்த இரண்டாம் சரபோஜிக்குப் புத்தகம், படம், வரைபடம்னா பைத்தியம். வெளிநாட்டுப் புத்தகங்களை வரவழைச்சு, தன் கையெழுத்தையும் போட்டு வெச்சவர். அவருக்குக் கண் வைத்தியத்துலயும் ஈடுபாடு. அந்தக் காலத்துக் கண் நோயாளிகளின் கேஸ் ஷீட் இன்னிக்கும் இந்த நூலகத்துல இருக்கு. நோயாளி பத்தின விவரம், கண் இருந்த நிலைமை, செஞ்ச சிகிச்சை, கூடவே அந்தக் கண்ணோட படம்.

கண் படம் மட்டும் இருந்திருந்தா அது அழகான ஒரு கண். அவ்வளவுதான். பக்கத்துல நாலு வரி இருக்கிறதாலதான் ஏறக்குறைய 200 வருஷம் கழிச்சும் சென்னையில உள்ள கண் டாக்டர்கள் அதை எடுத்து வெச்சு ஆராய்ச்சி பண்ண முடிஞ்சுது.

சேர்த்தா மட்டும் போதுமா? தேட முடியணுமே! சரபோஜிக்குப் பிறகு அந்த வேலையில இறங்கினவர்கள்ல ஒருத்தர், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்த ஏ.சி. பர்னல். அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளைப் பொருள்வாரியாப் பிரிச்சு, 1880-ல் அட்டவணையா வெளியிட்டார். கோர்ட் வேலைக்கு நடுவுல! இரண்டே வருஷத்துல, 1882-ல், இறந்தும் போனார். 1918-ல் இது பொதுமக்கள் நூலகம் ஆனபோது, சுவடியைத் தேடி வந்தவங்களுக்கு அந்த அட்டவணை துணையா இருந்துச்சு. நம்மகிட்ட கேட்டா, '3,412 படத்தை எப்பங்க பிரிக்கிறது, டைம் இல்லையே'ம்போம். ஹி... ஹி...

விதைக்கு அட்டை உண்டு, படத்துக்கு?

டெல்டாக்காரங்களுக்கு இதை இன்னும் சுலபமாப் புரிய வைக்கலாம். விதை நெல் மூட்டையைப் பார்த்திருப்பீங்க. சான்று பெற்ற விதைன்னா நீல அட்டை, ஆதார விதைன்னா வெள்ளை அட்டை. அதுல ரகத்தோட பேர், குவியல் எண், பரிசோதனைத் தேதி எல்லாம் இருக்கும். அட்டை இல்லாத மூட்டையை விவரமான விவசாயி வாங்க மாட்டார். 110 நாள் குறுவை ரகத்துக்குள்ள 150 நாள் ரகம் கலந்துட்டா என்ன ஆகும்? மூட்டையில இருக்கும்போது எல்லாம் நெல்தான். வயல்ல பாதி முத்திச் சாயும், மீதி பச்சையா நிக்கும். அறுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

எங்க சித்தப்பா செஞ்சது அதுதான். அவர் மேல தப்பு இல்ல. அட்டை இல்லாத மூட்டையை அவர் கையில கொடுத்தது நான்.

ஒரு ஆச்சரியம் சொல்லவா? ஏ.ஐ. படத்துக்கும் 'விதை' உண்டு! 2022 ஆகஸ்ட்ல வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரியான மாடல்கள், வெறும் புள்ளிக் குப்பையிலிருந்து ஆரம்பிச்சுத்தான் படத்தை உருவாக்குது. அந்த ஆரம்பப் புள்ளிகளைத் தீர்மானிக்கிற எண்ணுக்குப் பேரே 'சீட்'. அதே மாடல், அதே ப்ராம்ப்ட், அதே செட்டிங், அதே விதை எண் கொடுத்தா கிட்டத்தட்ட அதே படம் திரும்ப முளைக்கும். எண்ணைத் தொலைச்சீங்களோ, போச்சு. தலைகீழா நின்னாலும் அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

சரி, எப்படி அடுக்குறது?

நான் மூணு ஞாயிற்றுக்கிழமையைச் செலவு பண்ணிக் கத்துக்கிட்டதை உங்களுக்கு ஃப்ரீயாத் தர்றேன். பிடிச்சுக்கோங்க.

*அசலுக்குத் தனி வீடு.* 'அசல்'னு ஒரு ஃபோல்டர். கேமராவில எடுத்தது, ஸ்கேன் பண்ணினது மட்டும் அதுல. அதுக்குள்ள இருக்கிற ஃபைலை எடிட் பண்ணவே கூடாது. ப்ராபர்ட்டீஸ்ல போய் 'ரீட் ஒன்லி' போட்டு வைங்க. வேலை செய்யணும்னா காப்பி எடுத்து வெளியில வெச்சுச் செய்யுங்க. ஏ.ஐ. படம் எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது.

*அன்னிக்கே களையெடுங்க.* ஒரு ப்ராம்ப்ட்டுக்கு நாலு படம் வருதுன்னா, நாலையும் சேவ் பண்ணாதீங்க. ஆறு விரல், காதுக்குள்ள போற கண்ணாடி, தும்பிக்கை ரெண்டா இருக்கிற யானை... எல்லாம் அப்பவே டெலீட். 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டா, களை பயிரை விட உசரமாயிடும். என்னோட 3,412 இப்போ 390. ஒண்ணுக்காகக்கூட நான் வருத்தப்படலை.

*பேர் வைங்க.* முதல்ல வருஷம், மாதம், தேதி. அப்புறம் விஷயம், கருவி, எத்தனையாவது முயற்சி. உதாரணமா '2025-09-14_தாத்தா_வரப்பு_ஏஐ-ஜெமினி_03'. வருஷத்தை முன்னாடி போட்டா கம்ப்யூட்டரே வரிசையா அடுக்கிடும். பேருக்குள்ளேயே 'ஏஐ' இருக்கிறது முக்கியம். அந்த ரெண்டு எழுத்து இருந்திருந்தா எங்க சித்தப்பா பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருப்பார்.

*அட்டை கட்டுங்க.* ஒவ்வொரு படத்துக்கும் அதே பேர்ல ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், இல்லைன்னா ஒரு எக்ஸெல் ஷீட்ல ஒரு வரி. முழு ப்ராம்ப்ட், எந்தக் கருவி, எந்த வெர்ஷன், விதை எண் தெரிஞ்சா அது, எந்த அசல் போட்டோவிலிருந்து செஞ்சது. கடைசிதான் ரொம்ப முக்கியம். நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடுற ஸ்டேபிள் டிஃப்யூஷன் மென்பொருள்கள் பலதும் ப்ராம்ப்ட், விதை எல்லாத்தையும் பி.என்.ஜி. ஃபைலுக்குள்ளேயே ஒளிச்சு எழுதி வெச்சுடும். ஆனா அதை சாதாரண போட்டோவா வாட்ஸ்அப்ல அனுப்பினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ அந்தக் குறிப்பு காலி. அனுப்பியே ஆகணும்னா 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க.

*சொல்லை முடிவு பண்ணுங்க.* டேக் போடும்போது இன்னிக்கு 'வயல்', நாளைக்கு 'கழனி', மறுநாள் 'நெல்வயல்'னு போட்டா தேடும்போது மூணும் மூணு திசையில நிக்கும். 20 சொல் போதும். ஒரு பேப்பர்ல எழுதி மேஜையில ஒட்டிக்கோங்க. டிஜிகேம்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, டேக் போட, நட்சத்திரம் குத்த, ஒரே மாதிரி படங்களைக் கண்டுபிடிக்க எல்லாத்துக்கும் கைகொடுக்கும்.

*மூணு காப்பி.* முக்கியமானதுக்கு மூணு பிரதி, ரெண்டு வேற வேற சாதனத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியில. கஜாவைப் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

'ஏ.ஐ. படம்னா தானாவே கண்டுபிடிக்க வழி இருக்காமே?'னு ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் புள்ளி கேட்கலாம். இருக்கு. கூகுள் 2023-ல் சிந்த்ஐடின்னு கண்ணுக்குத் தெரியாத முத்திரையைக் கொண்டு வந்துச்சு. படம் எங்கிருந்து வந்ததுன்னு ஃபைலோட சேர்த்துக் கட்டி அனுப்புற சி2பிஏ-ன்னு ஒரு பொது முறையும் இருக்கு. ஆனா எல்லாக் கருவியும் போடுறது இல்ல. கைமாறிக் கைமாறி வரும்போது தொலையவும் செய்யும். அதுவும் போக, 'இது மெஷின் போட்டது'ன்னுதான் முத்திரை சொல்லும். 'இவர் உங்க தாத்தா இல்ல'ன்னு அது சொல்லாது. அதை நாமதான் எழுதி வைக்கணும்.

இன்னிக்கு நம்ம தலைமுறைக்குத் தெரியும், எது நிஜம், எது விளையாட்டுன்னு. 30 வருஷம் கழிச்சு உங்க பிள்ளை ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்க்கும்போது? அதுக்கு எல்லாமே 'அப்பா காலத்து போட்டோ'தானே!

ராத்திரி ரெண்டு மணி

கிடைச்சுதா இல்லையான்னு சொல்லலையே... தேதி வாரியாத் தேடினேன். பழைய லேப்டாப்லேர்ந்து மாத்தினப்போ தேதியெல்லாம் குழம்பிப் போயிருந்துச்சு. பேர் வாரியாத் தேடினேன். நம்ம பேர் வைக்கிற அழகுதான் தெரியுமே. கடைசியா ஃபைல் சைஸ் வாரியா அடுக்கினேன். ஸ்கேன் பண்ணினது பெரிய ஃபைலாத்தானே இருக்கணும்? மேல இருந்து பதினொண்ணாவதா, 'ஸ்கேன்0007'. திறந்தேன். தண்ணிக் கறை, மடிப்பு, விறைப்பான முகம். இடது புருவத்துல குறுக்கா ஒரு வெள்ளைக் கோடு.

மணி ராத்திரி ரெண்டு. தனியா உட்கார்ந்து அழுதேன்னு சொன்னா கிண்டல் பண்ணுவீங்க. சொல்லலை.

அதைக் கறையோட அப்படியே பிரிண்ட் போட்டு, புது ஃபிரேம்ல மாட்டிக் கொண்டுபோனேன். அப்பாயி விரலை வெச்சு அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துச்சு. அப்புறம், சிரிக்கிற தாத்தாவையும் தூக்கிப் போட வேண்டாம்னுடுச்சு.

"அதுவும் நல்லாத்தான்டா இருக்கு. உள் ரூம்புல மாட்டு. கீழ மட்டும் 'பேரன் வரைஞ்சது'ன்னு எழுதிடு."

எழுதிட்டேன். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல்ல 'அசல்' ஃபோல்டர் ஒண்ணு. மத்ததெல்லாம் அப்புறம்.

அடுத்த வாரம் பார்ப்போமா? ஜூட்!